அப்பா கையெழுத்திட்ட வரி

அக்கா, முதலில் நான், உன் தங்கை, ஒன்று சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், அப்பாவின் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும் என்பது உனக்கே தெரியும். ஆனால் இந்த முறை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். அழகாக இருக்கிறது என்று ஒரு சொல்லைச் சேர்க்க மாட்டேன், எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று ஒரு சொல்லை விடவும் மாட்டேன். நான் பேசுவது அடைப்புக்குறிக்குள் இருக்கும். மற்றதெல்லாம் அப்பா.

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் எங்கள் நாள் ஓடுகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மூக்குக்கண்ணாடிக்குத்தான் ஒரு கால் போய்விட்டது, நூலைக் கட்டி மாட்டிக்கொண்டு திரிகிறாள், புதிதாக வாங்கலாம் என்றால் இது போதும், பார்க்கற மாதிரி இந்த ஊர்ல என்ன இருக்கு என்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரர் காலி செய்துவிட்டுப் போனார், அந்த இடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது, காலையிலிருந்து ஒரே பாட்டு, நம் வீட்டுத் தட்டு டம்ளர் எல்லாம் அலமாரிக்குள் ஆடுகிறது. உன் தங்கை கட்டுரைப் போட்டியில் மறுபடியும் முதல் பரிசு வாங்கினாள். (அக்கா, அதைப் பற்றி இப்போது சந்தோஷமாக எழுத முடியவில்லை, ஏன் என்று பின்னால் வரும்.)

ஊர் கெட்டுப்போய்விட்டது என்று நான் உனக்கு எழுதாத கடிதம் கிடையாது. நீ ஒரு தடவை பதில் போட்டாய், அப்பா நீங்க ஊரைப் பத்தி எழுதறீங்க, ஊர்ல இருக்கறவங்களைப் பத்தி எழுதறதே இல்லைன்னு. அதைப் படித்துவிட்டு உன் அம்மாவிடம் பொண்ணுக்கு வாய் நீண்டுபோச்சு என்றேன். இப்போதும் சொல்கிறேன், நான் எழுதியது எதுவும் பொய்யில்லை. பேருந்து நிலையத்தில் வரிசை என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள், வயிற்றுப்பிள்ளைக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எதிரே உட்கார்ந்திருப்பவன் செல்போனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. நிலையத்துக் கடிகாரம் நின்று இரண்டு வருடம் ஆகிறது, அதைச் சரி செய்யாமல் அதன் மேலேயே நகரத் தலைவரின் படத்தை மாட்டிவிட்டார்கள். பழைய தலைவர் குடையை ஊன்றிக்கொண்டு தினமும் காலையில் நடந்தே வருவார், எச்சில் துப்பியவனை அந்த இடத்திலேயே நிறுத்தி, ஏம்ப்பா, உன் வீட்டு வாசல்ல துப்புவியா என்பார், அவன் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவான். இவர் காரின் கண்ணாடியை இறக்குவதே இல்லை.

நிலையத்துக்குள் என் பொறுப்பில் இருக்கும் பயணிகள் ஓய்வுக்கூடம் உனக்குத் தெரியும், பள்ளி விட்டதும் நீ அங்கேதான் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய், இப்போது இவள் எழுதுகிறாள். அங்கேயும் சீட்டுக்கட்டு வந்துவிட்டது. நான்கு பேர் மூலையில் உட்கார்ந்து ஆடுவதும், சுவரோரம் துப்புவதும், குடித்துவிட்டு வந்து ஒருவன் குழந்தைகள் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. தலைவருக்கு ஒரு புகார் எழுதலாம் என்று முடிவு செய்தேன். நான் சொன்னேன், இவள் எழுதினாள். சீட்டு, எச்சில், குடிகாரன் எல்லாம் சொன்னேன். கடைசியில், பயணம் செய்யாத சிலரும் பெஞ்சுகளில் படுத்துத் தூங்குகிறார்கள் என்றும் ஒரு வரி சொன்னேன். இவள் சுத்தப்பிரதி எடுத்துக்கொண்டு வந்தபோது அந்த வரி இப்படி இருந்தது: பட்டப்பகலில் பெண்களும் நாணமின்றிக் கிடந்துறங்கும் ஒழுக்கக்கேட்டின் உறைவிடமாக இக்கூடம் மாறிவிட்டது.

(அக்கா, அது நான் சேர்த்ததுதான். போட்டிக் கட்டுரையில் உறைவிடம் என்ற சொல்லுக்கு ஆசிரியை அடிக்கோடு போட்டுப் பாராட்டியிருந்தார், இன்னொரு தடவை எங்கேயாவது அதைப் போட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. கூடத்தில் மத்தியானம் படுக்கும் பெண் ஒரே ஒருத்திதான். அவர் யார் என்று எனக்குத் தெரியும், எங்கள் பள்ளியைக் காலையில் பெருக்குகிற அக்கா. எழுதும்போது அவர் முகம் ஒரு நொடி வந்தது. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் நான் நிறுத்தவில்லை.)

நான் அதைப் படித்தேன் மகளே. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன், என் பெண் பத்திரிகைக்காரனைவிட நன்றாக எழுதுகிறாள் என்று மார்பு விரிந்தது. அந்தப் பெண்ணை எனக்கும் நான்கு வருடமாகத் தெரியும். விடிவதற்கு முன்னால் எழுந்து பள்ளியைப் பெருக்கி, பிறகு இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கி, சாயங்காலம் மருத்துவமனை துடைக்கப் போகிறாள், நடுவில் கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான் அந்த பெஞ்சு. சரியாக இரண்டு மணிக்கு வருவாள், டிக்கெட் கொடுப்பவர் அவளுக்கு ரெண்டு மணி என்றே பேர் வைத்திருந்தார், பஸ்ஸை நம்பாதீங்க, இவங்களைப் பார்த்து கைக்கடிகாரத்தைத் திருப்பி வையுங்க என்பார். இதெல்லாம் தெரிந்தும் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அப்போது உன் போன கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ரெண்டு வேலைக்கு நடுவுல ரயில் நிலையத்து பெஞ்சுல சாஞ்சுக்கறேன் அப்பா, நல்லா தூக்கம் வருது என்று நீ எழுதியிருந்த கடிதம். பாவம் குழந்தை என்று உன்னை நினைத்துக் கண் கலங்கிய அதே நாள்தான் அது.

அடுத்த வாரம் நகர்மன்றத்தில் கூட்டம். நிலையத்தில் தொழில் செய்பவர்கள், அடிக்கடி வந்துபோகிறவர்கள் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள், நூறு பேர் இருக்கும். தலைவரின் உதவியாளர் ஒலிபெருக்கியில் என் புகாரைப் படித்தார். சீட்டைப் படிக்கவில்லை, எச்சிலைப் படிக்கவில்லை, குடிகாரனைப் படிக்கவில்லை, அந்த ஒரு வரியை மட்டும் படித்தார். ஆகவே கூடத்தை மூடி, குடும்பத்தோடு வரக்கூடிய கண்ணாடிக் கடைகள் கட்ட வாடகைக்கு விடுவது பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யப்படும் என்றார்கள். தலைவர் இறங்கி வந்து என் தோளில் கை போட்டு, ஐயா மாதிரி நாலு பேர் இருந்தா ஊர் உருப்படும் என்றார். அந்தக் கை என் தோளில் இருந்த நேரம் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது, மறைத்து என்ன பயன். அப்போது டிக்கெட் கொடுப்பவர் பக்கத்து ஆளிடம், நம்ம ரெண்டு மணியையா சொல்றாங்க என்று கேட்டார், கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கேட்டார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. கடைசி வரிசையில் பையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பள்ளியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், குழந்தைங்க இருக்கற இடம், பேச்சு வருது என்று தலைமை ஆசிரியை சொன்னாராம். இவள்தான் வீட்டுக்கு வந்து சொன்னாள். உன் அம்மா காய் நறுக்குவதை நிறுத்தாமலே, ஊர் கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுன்னு அலைஞ்சீங்களே, கெடுத்தவர் யாருன்னு இப்பவாவது தெரிஞ்சுதா என்றாள். மறுநாள் அந்தப் பெண்ணுக்காகப் பேசத்தான் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனேன். அவர், ஐயா, கையெழுத்து உங்களுதுதானே, உங்க வயசுக்காரர் எழுதினதை நம்பாம வேற யாரை நம்பறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் வாயில் என்ன வந்தது தெரியுமா. சின்னப் பொண்ணு, ஏதோ புத்தகத்துல படிச்சதை எழுதிட்டா, நான் சரியா பார்க்காம கையெழுத்துப் போட்டுட்டேன் என்றேன்.

(நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அறை வாசலில் நின்றிருந்தேன். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் அழவில்லை. அப்பா சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன், பாதி நிஜமாக இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை.)

பார்த்தாயா, நிறுத்தாமல் எழுதுகிறாள். அன்றிலிருந்து மூன்று நாள் இவள் என்னை ஒன்றுமே கேட்கவில்லை, வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். கையெழுத்து நான் போடுவது, பழி வந்தால் எழுதிக்கொடுத்தவன் மேல் தள்ளுவது, இதைத்தானே இந்த ஊர்த் தலைவர்கள் செய்கிறார்கள் என்று நான் இத்தனை வருடம் உனக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தேன். எனக்கு ஒரு கூடத்துச் சாவியும் ஒரு தோள்தட்டலும் கிடைத்ததும் நானும் அதையே செய்தேன், அதுவும் என் பெண் மேலேயே. பழைய தலைவராக இருந்தால் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய், எங்கே போகணும்மா, ஏன் இங்க படுத்திருக்கே என்று கேட்டிருப்பார். முகத்துக்கு நேரே கேட்கும் மரியாதை போனதுதான் ஊர் கெட்டதற்கு அடையாளம் என்று நானே பேசியிருக்கிறேன். நான்கு வருடத்தில் நான் அவளை ஒரு தடவையும் கேட்கவில்லை, எல்லாம் டிக்கெட் கொடுப்பவர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

நேற்று இவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன், அந்தப் பெண்ணையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வரியைப் படித்தேன், பிடித்துத்தான் கையெழுத்துப் போட்டேன், அது அநியாயம், இந்தக் குழந்தை மேல் போட்டது அதைவிட அநியாயம் என்று சொன்னேன். தலைமை ஆசிரியை எழுத்தில் வேண்டும் என்றார். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன், அவர் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஐயா, மன்னிக்கணும், ஒரு எழுத்தும் புரியலை, நீங்களே படிங்க என்றார். நின்றுகொண்டு படித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், ஐயா, அதை நூறு பேர் கேட்டாங்க, இதை நாங்க மூணு பேர்தான் கேட்டிருக்கோம், வேலை இங்க இல்லைன்னா வேற இடத்துல கிடைக்கும், பேரை எங்க போய் வாங்கறது என்றாள். தலைமை ஆசிரியையும், நகர்மன்றத்துல நீங்க சொல்லிட்டா மறுநாளே இவங்க வேலைக்கு வரலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம். அங்கே எழுந்து நின்று சொல்லப்போகிறேன். முதுகுக்குப் பின்னால் செய்வது எனக்குப் பிடிக்காது என்பதால் தலைவரின் உதவியாளரிடம் முன்பே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உங்க வேலை நீட்டிப்பு காகிதம் சேர்மன் மேசையிலதான் இருக்கு, ஐயா அமைதியா இருந்தா எல்லாருக்கும் நல்லது என்றார். ஆக, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது, கூடம் இருக்குமா என்றும் தெரியாது. உன் அம்மாவிடம் சொன்னேன், சட்டையைத் தேய்த்து வைக்கறேன் என்றாள், அவ்வளவுதான். உனக்கு வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். நீ என்னைத் திட்டி எழுதினாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அந்த ரயில் நிலையத்தில் படுக்கும்போது பையின் வாரைக் கையில் சுற்றிக்கொள். சுவர்ப்பக்கமாக உள்ள பெஞ்சாகப் பார்த்துக்கொள். யாராவது வந்து ஏதாவது சொன்னால் பயப்படாதே, வேலைக்குப் போகிற வழியில் தூங்குவதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. அங்கேயும் என்னைப் போல ஒருவர் சாவியோடு உட்கார்ந்திருப்பார், அவருக்கு நல்ல புத்தி இருக்கட்டும். நீ நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நல்ல பேரோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். பல் வலி என்று எழுதியிருந்தாயே, வைத்தியரிடம் போனாயா இல்லையா, அதை அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது.

இதை முழுவதும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்,
உன் அப்பா

(அக்கா, உண்மையாகவே முழுவதும் படித்தார், ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. இன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை, ஓய்வுக்கூடத்தில் அப்பாவின் மேசையில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். ஜன்னல் எல்லாம் விளம்பரப் பலகை மறைத்திருப்பதால் பகலிலும் இங்கே டியூப் லைட் எரியும். இப்போதுதான் அந்த அக்கா உள்ளே வந்தார், கூட்டம் நடந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் வருகிறார். அப்பா எழுந்து நின்றார். அந்த அக்கா அப்பாவை நேராகப் பார்த்து, வெள்ளிக்கிழமை நானும் வந்து கடைசி வரிசையில நிப்பேன், சத்தமா சொல்லுங்க என்றார். பிறகு பையைத் தலைக்கு வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மூலையில் சீட்டு ஆடுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்பா சுவிட்ச் பலகைக்குப் போய் அந்தப் பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டார்.)