மணி அடங்கும் வரை எண்ணு

மதன்கீர், டெல்லி
மாசி நாலு

அன்பு மகன் நரேனுக்கு உன் அப்பா கலியன் சொல்லச் சொல்ல எழுதுவது. மலை மந்திர் முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். எனக்கு முழங்கால்தான் பனிக்குப் பிடித்துக்கொள்கிறது, வெயில் ஏறினால் விட்டுவிடும். நீ பெர்லினில் சுகமாக இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் சொல்கிறாய், அந்தச் சுகத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன் இருக்கையில் அப்பாவுக்குக் கடுதாசி எதற்கு என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். எழுதுவது நம் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் டெல்பின். நான் சொல்வதை மாற்றாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்கு இது தெரியாது, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத்தான் படியேறி வந்தேன். நீ தமிழ் படித்தது எட்டாம் வகுப்போடு சரி, அவசரப்படாமல் எழுத்துக் கூட்டிப் படி.

பூவராகவன் மாமா போய்விட்டார். தை மாதம் இருபதாம் தேதி காலை ஏழரை மணிக்கு நம் தெருவிலேதான். தண்ணி டாங்கர் ரிவர்சில் பின்னாலே வந்தது, பின்னால் வரும்போது கீகீகீ என்று கத்துமே அந்த ஹாரன் முழு நேரமும் கத்திக்கொண்டிருந்தது, தெருவே கேட்டது, நான் வீட்டுக்குள் பல் விளக்கிக்கொண்டே கேட்டேன். அவர் பக்கெட்டோடு வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். பையா ஹட்டோ ஹட்டோ, விலகுங்க விலகுங்க என்று எதிர்வீட்டுப் பெண்கள் கத்தினார்கள், அவர் திரும்பவே இல்லை. டிரைவர் மண்ணில் உட்கார்ந்து அழுதான், ஹாரன் போட்டேனே ஹாரன் போட்டேனே என்று அதையே சொன்னான். அவன்மேல் குற்றமில்லை என்று போலீசிடம் நானே சொன்னேன். இதை அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் சொன்னேன். பூவராகவன் மாமா செத்துட்டாருப்பா என்றேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சந்தோஷம்ப்பா, நான் கேட்டேன்னு சொல்லுங்க என்றாய். உன் அம்மா பக்கத்தில் இருந்தாள், லைன் சரியில்லை என்று போனை வாங்கி வைத்துவிட்டாள். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் கடுதாசி. எழுத்தை உன் கண் படிக்கும், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமாவை உனக்கு ரேடியோ பெட்டிக்குப் பின்னால் நிற்கிற ஆளாகத்தான் தெரியும். கல்யாணத்துக்குப் பந்தலும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிற டென்ட் ஹவுசில் நானும் அவரும் முப்பத்தொரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம், நான் ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கி ஒயர் இழுக்கிறவன், அவர் ஆம்ப்ளிஃபயர் பார்க்கிறவர். எனக்குக் கையெழுத்து வராது, ஆனால் பார்த்தது கேட்டது மறக்காது, அது உனக்குத் தெரியும். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் மேல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ட்ரெபிள் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு நகப் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருப்பார், குமிழ் அந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். சரோஜினி நகரில் ஒரு பஞ்சாபிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்தான் முதல் தடவை தாண்டினார், கொஞ்சம்தான், ஒரு நெல்மணி அளவு. மறு வருஷம் ஒரு விரல். அதற்கடுத்த வருஷம் குமிழ் முழுக்க வலது பக்கம் திரும்பிவிட்டது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு வந்து ஆவாஸ் கம் கரோ, சத்தத்தைக் குறை என்றார்கள். அவருக்குக் கோபம் வந்துவிடும். கேட்கத் தெரியாத கழுதைங்க, பாட்டே மங்கிக் கிடக்குது, இதுல இன்னும் குறைக்கணுமாம் என்று என்னிடம் திட்டுவார். அவருக்கு மங்கிக் கிடந்தது, அவ்வளவுதான். பிறகு அவர் காதுக்கு வாசல் பெல் கேட்காமல் போயிற்று, குக்கர் விசில் போயிற்று, பேத்தி பேசினால் சிரித்தே சமாளித்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை நரேன். சொன்னால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னை நம்பித்தான் இருந்தார்.

இப்போது உன் சேதிக்கு வருகிறேன். நீ டிஜே ஆனதில் எனக்கு ஒரு நாளும் குறை இல்லை. பிள்ளை என்ன வேலை என்று தெருவில் கேட்டால் உன் அம்மாதான் வெளிநாட்டில் ரேடியோ ஆபீஸ் என்று புளுகுவாள், நான் உள்ளதைச் சொல்வேன், அடுத்தவன் பாட்டை வாங்கிப் பிரித்துப் போட்டு ஆட வைக்கிற மாதிரி திருப்பித் தைக்கிறான், ஹவுஸ் மியூசிக் என்று பேர் என்பேன். உன்னோடு ஆரம்பித்து இங்கேயே சாகேத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அர்விந்த் மாதம் ஒரு தடவை வந்து நீ செய்த புதுசையெல்லாம் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவான். எல்லாம் எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. நாலு நாலாக விழுகிற அந்த அடி அன்றும் இன்றும் ஒன்றுதான், அதில் பிசகில்லை. அடிக்கு நடுவில் ட்ஸ் ட்ஸ் என்று ஒரு சில்லுச் சத்தம் வைப்பாயே, அதுதான் மாறிவிட்டது. முதல் பாட்டில் அது முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி இருந்தது. போன வருஷம் தீபாவளிக்கு வந்ததில் பல் கூசியது. தை மாதம் வந்ததில் தகரத்தில் ஆணி இழுக்கிற மாதிரி இருந்தது, உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அர்விந்த் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடாமல் கேட்டேன், அப்புறம்தான் சொன்னான், பாட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டு ரீமிக்சைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம், மேல் சத்தம் அறுக்கிறது, குறைத்துக் கொடுங்கள் என்று. நீ அவர்களைச் செவிட்டுப் பசங்க என்றாயாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிவப்புப் பொட்டுத்தான் கண்ணில் வந்தது.

அப்படியும் நான் மனசைத் தேற்றிக்கொண்டேன், பெரிய ஊரில் இப்போது அதுதான் ஃபேஷனாக இருக்கும் என்று. அதற்கப்புறம் மணி விஷயம் வந்தது. அம்மா சாமிக்கு அடிக்கிற மணியைப் புதுப் பாட்டில் சேர்க்க வேண்டும், பதிந்து அனுப்பு என்று அர்விந்துக்கு நீதானே சொன்னாய். அவனும் நல்ல மைக் கொண்டுவந்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, உன் அம்மாவை ஒரே ஒரு அடி அடிக்கச் சொல்லிப் பதிந்தான். அவளுக்கு ஒரே பெருமை, புதுப் புடவை கட்டிக்கொண்டு அடித்தாள். நீ என்ன பதில் அனுப்பினாய்? மணியில் உயிரே இல்லை, டொக்கென்று விழுந்து செத்துப் போகிறது, இழுப்பே இல்லை, மைக் பழுது என்றாய். இன்னொரு மைக்கில் பதிந்து அனுப்பினான். அதற்கும் அதையே சொன்னாய். மணியை மாற்றுங்கள் என்றாய். அர்விந்த் அந்த இரண்டையும் எனக்குப் போட்டுக் காட்டினான். மணி நன்றாக இருக்கிறது அப்பா. இழுத்துக்கொண்டே போகிறது. எழுபத்தாறு வயசுக் கிழவன் எனக்குக் கேட்கிறது.

காதை எப்படிச் சோதிப்பார்கள் என்று டெல்பினிடம் விசாரித்தேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிடுவார்களாம், சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டுமாம், அரை மணி நேரத்து வேலை. போனது திரும்பாதாம். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாமாம், உன் தொழில்காரர்களுக்கென்றே காதுக்கு அளவெடுத்து அடைப்பான் செய்கிறார்களாம். சித்திரை முடிந்ததும் ஏதோ தீவுக்குப் போகிறாய், ஐந்து மாசம், வாரத்துக்கு நாலு நாள் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கப் போகிறாய் என்று அர்விந்த் சொன்னான். அந்த வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்து இன்னும் போடவில்லையாமே. போடாதே. காதைக் காட்டிவிட்டு அப்புறம் போடு. விஷயம் வெளியே தெரிந்தால் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறாய், எனக்குத் தெரியும், அந்தப் பயத்தோடு ஒரு ஆள் பக்கத்தில் நான் முப்பத்தொரு வருஷம் நின்றிருக்கிறேன். இதில் என் பங்கும் இருக்கிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று, உனக்கு நாலு வயசு, பகல் பூராவும் பாக்ஸ் மேல் சாய்ந்து தூங்கினாய். எவ்வளவு சத்தத்திலும் தூங்குகிறான் பார் என்று நான் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். மாமாதான், பிள்ளையைத் தூக்குடா கலியா என்றார். நான் தூக்கவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு மலை மந்திரில் உன் பேருக்கு அர்ச்சனை சொல்லியிருக்கிறேன். ஊர் தெரியாத இடத்தில் ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துத் தாண்டு, காதை நம்பாதே. நீ நூறு வயசு நல்லபடி இருக்க வேண்டும், அம்மாவும் நானும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறக்காதே. அம்மாவின் மணி உன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சத்தம் கோடு கோடாகத் தெரியும் என்று அர்விந்த் காட்டினான், அந்தக் கோட்டைப் பார்க்காதே. திரையை மூடிவிட்டு, பாட்டு எதுவும் இல்லாமல், மணியை ஒரு தடவை போடு. அடித்ததிலிருந்து அடங்கும் வரை ஒன்று இரண்டு என்று நிதானமாக எண்ணி, எத்தனை வந்தது என்று ஒரு கார்டில் எழுதிப் போடு. போனில் சொல்லாதே. நான் எண்ணி வைத்திருக்கிறேன், எத்தனை என்று அர்விந்துக்கும் சொல்லவில்லை, இந்தக் கடுதாசியிலும் எழுத வேண்டாம் என்று டெல்பினிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கலியன் (இடது கை ரேகை)