கீரைப் பக்கம் குந்திய ராத்தாவுக்கு

போன வெள்ளிக்கிழமை சாய்ந்தமருதில் ஒரு கலியாண வீடு. பெண்கள் இருந்த பந்தலில் பாய் விரித்து, சகனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் நெய்ச்சோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. அந்தப் பெரிய தட்டைச் சுற்றிக் குந்திய எல்லோரும் இறைச்சிப் பக்கம் கையை நீட்ட, நான் மட்டும் கீரையைத் தேடிக்கொண்டிருந்தேன். கலியாணச் சகனில் கீரைக்கு எங்கே போவது? பக்கத்தில் இருந்த பெண், "என்ன புள்ள, சோத்துக்குள்ள மோதிரம் உழுந்துட்டா?" என்று கேட்டாள். நான் தேடியது உங்களைத்தான் ராத்தா. அது எனக்கே அப்போதுதான் விளங்கியது.

நம் வாப்பா மருதமுனையில் ஒரே வளவுக்குள் மூத்தவள் உங்களுக்கும் இளையவள் எனக்கும் இரண்டு வீடு கட்டித் தந்தார். நடுவில் வேலி, வேலியில் புகுந்து போக ஒரு கடப்பு. நடக்கப் பழகிய நாளிலிருந்து என் மகள் ஹஸ்னா அந்தக் கடப்பால் உங்கள் வீட்டுக்கு ஓடினாள். உங்களுக்கும் மச்சானுக்கும் பிள்ளை இல்லை. அவளுக்கு ஊட்டுவதுதான் உங்கள் தாய்மையாக இருந்தது. என் வீட்டில் சோறு தின்றுவிட்டு வந்து உங்கள் மடியில் இன்னொரு தரம் தின்பாள். பெருநாள் வந்தால் ஊரே உங்கள் கருப்பட்டி வட்டிலப்பத்துக்குச் சொல்லிவைக்கும். ஹஸ்னாவுக்கு மட்டும் கிழமைக்கு ஒரு பெருநாள்.

அவள் நாலாம் வகுப்புப் படிக்கும்போது கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதுக்கு மிஞ்சிய பாரம், நம் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் சுகர் இருந்த குடும்பம், இப்போதே கவனியுங்கள் என்றார். நான் கவனித்த அழகை நீங்கள் பார்த்தீர்கள்தானே. பிஸ்கட் அலுமாரிக்குப் பூட்டு. அவளுடைய தம்பிக்குப் பொரித்த கோழி, அவளுக்குச் சின்னக் கோப்பையில் அவித்த போஞ்சிக்காய். அவள் வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு பிடியையும் என் கண் பின்தொடரும். கொஞ்ச நாளில் அவளுடைய புத்தகப் பைக்குள் கடை இனிப்புப் பணிஸ் சுற்றிய தாள்கள் அகப்பட்டன. பிறகு மனிதருக்கு முன்னால் சாப்பிடவே மாட்டேன் என்றாள். கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் தலைவலி. பாரம் குறையவில்லை, பிள்ளையின் சிரிப்புத்தான் குறைந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

கடப்பைத் தாண்டி உங்களிடம் வந்து, "இனி அவளுக்கு ஒண்டும் குடுக்காதீங்க ராத்தா" என்று சொன்னபோது, சண்டைக்கு ஆயத்தமாகத்தான் வந்தேன். உங்கள் கைச் சாப்பாட்டைக் குறை சொல்லி யாரும் முழுசாகத் திரும்பியதில்லை. நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். துருவல் நின்றது.

"புள்ள ஒளிச்சா தின்றா?" என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். நீங்கள் மறுபடி துருவத் தொடங்கினீர்கள்.

அடுத்த நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு உங்கள் கலியாணச் சகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் வர, பின்னால் மச்சான் மீன் ஆணச் சட்டியோடு வந்தார். "இனி ராவைக்கி ரெண்டு வீடும் ஒரு சகன்லதான்" என்றீர்கள். விருந்துக்கு எடுக்கிற சகனில் சிவப்பரிசிச் சோறு நடுவில் கொஞ்சமாக, சுற்றிவர முருங்கைக்கீரைச் சுண்டல், பயற்றங்காய், வெள்ளரிக்காய், பாரை மீன். யாருக்கும் தனிக் கோப்பை இல்லை. கீரை இருந்த பக்கம் ஹஸ்னாவை இருத்தி, அவளோடு தோள் முட்ட நீங்கள் குந்தினீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உம்மா கீரை சுண்டும் நாளில் வயிற்றுக்குத்து என்று படுத்துக்கொள்ளும் ஆள் அல்லவா நீங்கள். அன்றைக்கு ஒரு பிடி கீரையை வாயில் போட்டு, முகம் சுளிக்காமல் மென்று, "இதுக்குக் கொஞ்சம் தேசிக்காப் புளி உட்டிருக்கலாம், என்ன ஹஸ்னா?" என்று அவளிடம் ஆலோசனை கேட்டீர்கள். அவளும் பெரிய மனுசி மாதிரி ருசி பார்த்துவிட்டு, ஓம் பெரியம்மா என்றாள்.

சகன் கழுவும்போது நான் முறையிட்டேன். "அவ எவ்வளவு தின்றா எண்டு எனக்குத் தெரியல்லயே."

"அதுக்குத்தான் சகன்," என்றீர்கள். "உன்ட கண்ண அவட கையில இரிந்து எடு புள்ள. கண்ணு பட்ட சோறு தொண்டையால எறங்காது."

அன்றிலிருந்து சகனைச் சுற்றி உடம்பைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ கதை இல்லை. மச்சான் தறிக்கு நூல் எடுக்கப் போய் ஏமாந்த கதை, ஹஸ்னாவின் வகுப்புக் கதை, ஊர்க்கதை. கடைசி ஆள் கை கழுவும் வரை யாரும் எழும்பக் கூடாது என்றும் சொல்லிவிட்டீர்கள். அவசரமாக விழுங்கிப் பழகிய பிள்ளை, கதை கேட்கும் ஆசையில் மெதுவாகத் தின்னப் பழகினாள். நீங்கள் அவளைச் செல்லமாக 'உருண்டை' என்று கூப்பிடுவதை விட்டீர்கள். நம் ஒழுங்கை வீடுகளில் அந்தப் பெயர் சொன்ன எல்லோரையும் விடவைத்தீர்கள். பாணும் பணிஸும் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பின்னேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனீர்கள். "வயசு போன காலத்துல பொம்புள ஓட்டம் பழகுறா" என்று யாரோ ஒருத்தி பகிடி பண்ணியபோது, "ஓம், நீயும் வா, மூணு பேராப் போவம்" என்று அந்தப் பெண்ணையே இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள். முழங்கால் வலியை மச்சானுக்கு மட்டும்தான் சொன்னீர்களாம்.

பெருநாளைக்கு வட்டிலப்பம் அவித்தீர்கள். ஹஸ்னாவுக்கும் எல்லோருக்கும் போலவே பங்கு. அவள் என் முகத்தைப் பார்க்காமல் தின்றாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வருசங்கள் போயின. அவள் மெலிந்து போனாள் என்று சொல்ல மாட்டேன். நம் வீட்டுப் பெண்கள் மெலிந்த இனமும் இல்லை. வளர்ந்தாள். உயரம் பாரத்தை எட்டிப் பிடித்தது. டொக்டர் சிரித்த முகத்தோடு, இனிப் பயமில்லை என்று துண்டை எழுதித் தந்தார். கூட்டாளிகளோடு கலியாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள். இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

நீங்கள் போன வருசம் நோன்புக்கு முன் போய்விட்டீர்கள். காய்ச்சல் என்று படுத்தீர்கள், எழும்பவில்லை. அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கட்டும்.

கொஞ்ச நாள் கழித்து மச்சானுக்குச் சோறு கொண்டுபோனேன். மனிதர் வாடிப்போய் இருந்தார். சிரிக்கவைக்கலாம் என்று, "உண்மையச் சொல்லுங்க மச்சான், எங்கட வீட்ட கீரையத் தின்டுட்டு இஞ்ச வந்து ராத்தா ஏதாச்சும் ஒரு கட்டு கட்டியிருப்பாதானே?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நானும் சொல்லியிருக்கன். பசியோட கிடக்காத, ஒரு துண்டு தொதல் வாங்கிட்டு வாறன், தின்டுட்டுப் படு எண்டு. புள்ளைக்கு முன்னால ஒண்டு, பின்னால ஒண்டா எண்டு கேப்பா. கடைசி வரைக்கும் தின்னல்ல."

கீரையை வெறுத்த ஒருத்தி, யாரும் பார்க்காத தன் வீட்டில், இத்தனை வருசம். வீட்டுக்கு வந்து ஹஸ்னாவிடம் சொன்னேன். சொன்னால் அழுவாள் என்று நினைத்தேன். அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"எனக்குத் தெரியும் உம்மா. நான் போய்ப் பாத்திரிக்கன்."

"எங்க?"

"பெரியம்மாட குசினில. நீங்க எல்லாரும் தொழுவுற நேரம் கடப்பால போவன். பானை, டின், அலுமாரி எல்லாம் தொறந்து பாப்பன். பெரிய ஆக்கள் எங்களுக்கு ஒண்டச் சொல்லிப்போட்டு ஒளிச்சித் தின்னுவாங்க எண்டுதான் நினைச்சன். எத்தின தரம் போயும் ஒண்டும் இரிக்கல்ல. அதுக்குப் பொறகுதான் நானும் ஒளிச்சித் தின்றத உட்டன்."

ராத்தா, உங்களைச் சோதிக்க ஒரு பிள்ளை வந்து போனது உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் குசினியில் எதுவும் மாறியிருக்காது. ஒரு பிள்ளை எந்த நேரத்தில் வந்து எதைத் திறந்து பார்த்தாலும், நான் சொன்னதற்கு மாறாக ஒன்றும் அகப்படாத வீடாக என் வீடும் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகக் கையேந்திவிட்டு, எனக்கென்று அந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.