கொக்கி அடித்த உயரம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் விட்டதா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே கடுங்குளிர். நம் தமிழ் ஆட்கள் குடியிருக்கும் வீட்டிலேயே மராமத்து. நான் மரம் இழைக்கிறேன். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டே சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், பள்ளிக்கு ஓடுகிறார்கள்.

நேற்று ஒரு வேடிக்கை. அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்கும் நம் பாப்பா வயதுதான். அவள் கோட்டு மாட்ட வாசலில் கொக்கி அடித்தேன். அளவெடுக்கவில்லை. நான் கிளம்பிய அன்று பாப்பா என் இடுப்பளவு நின்றாளே, அந்தக் கணக்கில் அவள் தோளுயரத்துக்கு அடித்துவிட்டேன். கோட்டு தரையைக் கூட்டியது.

“என்னண்ணே, கைக்குழந்தைக்கா அடிச்சீங்க?” என்று வீட்டம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். என் நெஞ்சுக்கு வந்தாள்.

கொக்கியைப் பிடுங்கி மேலே அடித்தாயிற்று. யாரும் திட்டவில்லை, கவலைப்படாதே.

ஒரு வேலை செய். பாப்பாவைச் சுவரோடு நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு நூலை வெட்டி, கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. போனில் சொல்லாதே, எனக்கு நூல்தான் வேண்டும்.

வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

“எதுக்கும்மா நூலு?” என்று கேட்பாள். கவுன் தைக்க என்று சொல். அப்பாவுக்கு அளவு தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.