மாமாவின் ஸ்டீரியோவும் ஒரு மைக்காத் தகடும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா? போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

மாமாவின் பழைய ஸ்டீரியோவில் இடப்பக்கம் பாடவில்லை. “ரிப்பேர்காரன் பொண்ணு நீ, சும்மா பாத்துட்டு இருக்கியே?” என்று கிண்டல் செய்துவிட்டு ஊருக்குப் போனார். ரோஷத்தில் திறந்து, உள்ளே இருந்த பழைய டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு நீங்கள் தந்ததைப் போட்டேன். ஃபியூஸ் போனது. வேறு போட்டேன், அதுவும் போனது. எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் பார்த்தேன். டிரான்சிஸ்டர், அதன் சூட்டை வாங்கும் அலுமினியத்தில் நேராகப் படாமலிருக்க வைக்கும் மைக்காத் தகடு, பழைய டிரான்சிஸ்டரிலேயே ஒட்டியிருந்தது. அது இல்லாமல் மாட்டியதால்தான் ஃபியூஸ் போயிருக்கிறது. பிரித்தபோது உடைந்தும்விட்டது. இப்போது வலப்பக்கமும் ஊமை. மாமா வந்தால் என்ன சொல்வேன்?

புதுத் தகட்டைத் தபாலில் அனுப்பாதீர்கள், அத்தை பிரித்துவிடுவார். நீங்களே கொண்டு வாருங்கள். அத்தை எழுந்துவிட்டார். மாட்டி முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்