பஞ்சறையில் மன்னர் மறுமொழி தந்த செய்தி

நலம் பெருகுக, மழை தவறாது வழங்குக. பாலிகை ஆறு கடல் புகுமிடம் வரை குடைநிழல் விரித்தவரும், குடிகள் தாயென்று விளிக்கும் பேறு பெற்றவருமாகக் கொற்றங்குடா நகரில் வீற்றிருக்கும் தாழ்புனல் நாட்டு அரசி நல்லினி மாதேவியார் திருமுன்னர், மேற்கே சேண்மலை நாடாளும் வெற்பர்கோன் அருங்கோளரியார் அருளியபடி, அவர்தம் அமைச்சன் மாதவன் ஏனாதி வணங்கி விடுக்கும் நன்றி ஓலை. தங்கள் கழனியும் கால்நடையும் குடிகளும் நலமென்று கேட்க எங்கள் மன்னர் விழைகிறார். இங்கு யாவரும் நலம். அந்நலத்துக்குத் தங்கள் நாட்டுப் பெண்ணொருத்தி காரணமாயினாள். அவள் செய்ததைத் தாங்கள் முழுவதும் அறிய வேண்டும்.

இவ்வாண்டு மழை பொய்த்தபோது, சேண்மலையார் பாலிகையின் மதகை அடைத்துவிடுவரோ என்று ஆற்றோரத்து ஊர்களெல்லாம் கலங்கின. மன்னர் வாயாலேயே விடை கேட்டு எழுதிப்போக ஒன்பது ஊர்களிலிருந்து செய்தி எழுதும் ஓலையர் வந்தனர். அவருள் ஒருத்தி, தங்கள் அவை அனுப்பிய கண்டன் செய்யாள். நூறு தூண் நிற்கும் பேரவையில் ஓலையர் கடைசித் தூண் வரிசைக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர். மன்னர் அரியணையிலிருந்து, அடைக்கமாட்டோம் என்னும் பொருளில், மதகை அடைக்கோம் என்றார். சென்ற ஆண்டுக் காய்ச்சலுக்குப் பின் அவர் குரல் மெலிந்து போயிருந்தது. கல்மண்டபம் அந்த மெலிந்த குரலை வாங்கித் தூணுக்குத் தூண் எறிந்தது. மற்ற எண்மர், அடைப்போம் என்று எழுதிக்கொண்டு ஊர்களுக்குக் குதிரையாள் ஓட்டினர்.

செய்யாள் மட்டும் எழுதவில்லை. சொல் தன் காதில் தெளிவாக விழவில்லை என்பதை அவள் அறிவாள். மறுநாளே திரும்ப வேண்டுமென்பது தங்கள் ஆணை. ஆயினும் கேளாத சொல்லைக் கேட்டதாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. மன்னரை இன்னொரு முறை கேட்க வேண்டுமென்று அரண்மனை வாயிலில் வந்து நின்றாள். அவளை இரண்டு நாள் வெயிலில் நிறுத்தியவன் இவ்வோலை எழுதும் ஏனாதியே. மன்னர் பேச்சு கேட்கவில்லை என்று ஓர் ஓலைக்காரி சொல்வது அவனுக்குச் செருக்காகப் பட்டது. மூன்றாம் நாள், தங்கள் படை எல்லையில் பாசறை இட்ட செய்தி வந்தது. ஏன் என்று விளங்காமல் திகைத்த அவை, அப்போதுதான் அவளை உள்ளே அழைத்தது.

மன்னர் தாம் சொன்னதைத் திருப்பிச் சொன்னதும் எண்மரும் அடைப்போம் என்று எழுதி அனுப்பிவிட்டதை அவள் அவைக்குச் சொன்னாள். எண்மர் எழுத்துக்கு எதிரே தன் ஒருத்தி வாய்ச்சொல் நிற்காது, ஒன்பதின்மரும் மீண்டும் கேட்க வேண்டும் என்றாள். பேரவையைக் கூட்டுக என்று மன்னர் பணித்தார். அந்த மண்டபத்தில் ஆயிரம் முறை சொன்னாலும் இப்படித்தான் கேட்கும் ஐயா, வேறோர் அறை கொடுங்கள் என்றாள். தங்களுக்கு அன்றே முறி ஓலை எழுதிக் குதிரையாளிடம் கொடுத்து, இன்னும் இரண்டு நாள் படை நகரலாகாது என்று மன்றாடினாள்.

அரண்மனை அறைதோறும் நுழைந்து அவள் கைதட்டிப் பார்த்ததைக் கண்டு காவலர் சிரித்தனர். படைக்கல அறை கணீரென்றது. இசை மண்டபம் வெகுநேரம் முழங்கியது. பஞ்சுப் பொதி அடுக்கிய பண்டசாலையில் தட்டிய ஓசை தட்டிய இடத்திலேயே அடங்கியது. இதுவே போதும் என்றாள். நடுவிலிருந்த பொதிகளை அகற்றி, மூன்று சுவரோரமும் மீந்தவற்றை நிறுத்தி, வெள்ளைத் துணி போர்த்தச் சொன்னாள். மன்னரின் பின்னே வாளும் புலிக்கொடியும் வேண்டுமென ஏனாதி வற்புறுத்தினான். கண் வாளுக்குப் போனால் சொல்வதெல்லாம் மிரட்டலாகத்தான் கேட்கும் என்று அவள் மறுத்தாள். சாளரத்துக்கு எதிரே, ஓலையர்க்கு இட்ட அதே உயரத்து மணையை மன்னர்க்கும் இட்டாள். வெளியே போகும் யானைகளின் மணி நாக்குகளில் துணி சுற்றுவித்தாள்.

எல்லாம் முடிந்தபின் மன்னர் தயங்கினார். காய்ச்சல் அவர் இதழில் ஒரு நடுக்கத்தை விட்டுப் போயிருந்தது; ஓராண்டாக அதைத் தொலைவில் வைத்தே மறைத்துவந்தார். இவ்வளவு அருகில், இவ்வளவு வெளிச்சத்தில், தம்மை நோயாளி என்று எழுதுவார்களே என்றார். எழுதுவார்கள் ஐயா, அதனால் யாரும் சாகமாட்டார்கள் என்றாள் செய்யாள். மன்னர் வந்து மணையில் அமர்ந்தார்.

மறுநாட் காலை ஒன்பதின்மரும் கைக்கெட்டும் தொலைவில் சூழ்ந்திருந்தனர். மதகை அடைக்கோம் என்றார் மன்னர். அவள் முன்பே வேண்டியபடி, சந்தையில் பேசும் பேச்சிலும் சொன்னார்: மதகு திறந்தே கிடக்கும், எங்களுக்கு வரும் தண்ணீரில் பாதி உங்களுக்கு வரும். எழுதியதை ஒவ்வொருவரும் வாய்விட்டுப் படித்தனர். முன்பு பிழைபட எழுதிய வயதான ஓலையர் ஒருவர் படிக்கும்போதே அழுதார். அவர் மகன் தங்கள் பாசறையில் வேல் ஏந்தி நின்றானாம்.

ஒரு பெண்ணின் முறியை நம்பி இரண்டு நாள் படையை நிறுத்திவைத்த தங்கள் பொறுமைக்கு எங்கள் மன்னர் தலை தாழ்த்துகிறார். அவ்வறை இனி ஓலையர்க்கே உரியது. மாதந்தோறும் மன்னர் அங்கே அமர்ந்து கேட்பதற்கெல்லாம் விடை தருவார். மதகின் திறவுகோல்களில் ஒன்றைத் தங்கள் ஆளிடமே ஒப்படைக்கவும் ஆணையாயிற்று.

மன்னர் கண்காண ஏனாதி எழுதினான். எழுதியதை வாய்விட்டுப் படித்தான். மன்னர் ஆம் என்றபின் வெற்பர்கோன் மலைமுத்திரை இடப்பெற்றது.

இன்னும் ஒன்று. இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் முன் நிற்பவள் செய்யாளே. இதனுள் எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது. ஆணை கடந்து தங்கியதற்குத் தண்டனை உறுதியென்று எண்ணியே அங்கு வருகிறாள். ஐந்து நாள் வழிநடந்த பெண். முதலில் அவளை அமரச் சொல்லியருள்க.