இன்வெர்ட்டருக்கு வைத்த பொட்டு

ஜூலை 2, புதன்

இதை இந்த டைரியில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மூன்று வருஷமாக சர்வர் என்று நினைத்து நான் சந்தனப் பொட்டு வைத்து, ஆயுத பூஜைக்கு மாலையும் போட்ட பெட்டி, சர்வர் இல்லை. கரண்டு போனால் ஃபேனை ஓட்டுகிற இன்வெர்ட்டர்.

இன்றைக்குத்தான் தெரிந்தது. வாடிக்கைக்காரர்கள் வெப்சைட்டெல்லாம் திறக்காமல் விழுந்து கிடக்கிறதே என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அதை எதுக்குத் தட்டுறீங்க?" என்றாள் நூர்னிசா.

"சர்வரு சூடாக் கெடக்கு ஏட்டி."

அவள் சிரித்து முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போனது.

ராஜபாளையம் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் "ஒங்க சைட்டு இந்தா, நம்ம கண்ணு முன்னால இருக்கு" என்று அதைத்தானே காட்டினேன். சோழபுரம் பால்சாமி அண்ணன், நாய்க்குட்டி விற்கிறவர், எங்கள் முதல் வாடிக்கை, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த ஆளிடம் எப்படிச் சொல்ல? சொல்லப் போவதில்லை.

நிஜமான சர்வர் மெட்ராஸில் இருக்கிறதாம். வானளவு ஹோஸ்டிங் என்று ஒரு கம்பெனி. அவனிடம் மொத்தமாக இடம் வாங்கி இருபத்திரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். ஆள் பிடிப்பது நான், சைட்டு கட்டுவது நூர்னிசா. விழுவது மட்டும் வானளவின் வேலை.

ஜூலை 3

இன்றைக்கும் விழுந்தது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடுகிற மாதிரி.

ஜூலை 5, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பால்கோவா கடை சமுத்திரம் அண்ணாச்சி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சைட்டில் ஆர்டர் போட்டுவிட்டு, கூட்டத்தில் நிற்காமல் வாங்கிப் போக ஒரு பக்கம் செய்து கொடுத்திருக்கிறோம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அது திறக்கும். ஆர்டர் நேராக அண்ணாச்சி போனுக்குப் போகும்.

"வேலுத்தாயி, தேரன்னைக்கு சைட்டு விழுந்துச்சுன்னு வையி, நான் வேற ஆளப் பாத்துருவேன். எங்க தெருக்காரவுக எட்டுப் பேரும் எம்பேச்சக் கேட்டுத்தான் ஒங்கிட்ட வந்தாக. பொறவு அவிய இருப்பாகளா?"

இருக்க மாட்டார்கள். எட்டுப் பேர் போனால் மற்றவர்களும் போவார்கள். நூர்னிசா மறுபடி ஜவுளிக்கடையில் போய் நிற்பாள். நான் மறுபடி ஆதார் கார்டு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு இருப்பேன்.

கும்பிட்டுவிட்டு வந்தேன். கால் கிலோ பால்கோவா காசு கொடுத்துத்தான் வாங்கினேன். எப்போதும் சும்மா தருகிற மனுஷன்.

ஜூலை 8, செவ்வாய்

வேறு கம்பெனி பார்ப்பது என்று முடிவு. பொண்ணு பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

முதலில் வானளவுக்கே ஒரு கடைசி வாய்ப்பு, போனில்.

"நம்மது அன்லிமிடெட் பிளான் மேடம்."

"அன்லிமிடெட்னா எம்புட்டு தம்பி?"

"அளவே கிடையாது மேடம்."

"பொறவு இருபத்திரண்டுக்கே ஏன் மூச்சு வாங்குது?"

"நீங்க இதுக்கு மேல உள்ள பிளானுக்குப் போகணும் மேடம்."

அளவில்லாததுக்கு மேலே என்னடா இருக்கிறது? இதைச் சொல்லவும் டை கட்டியிருப்பான்.

அடுத்து வெள்ளைக்காரன் கம்பெனி. போனே கிடையாதாம், எழுத்தில்தான் பேச வேண்டுமாம். நூர்னிசா வணக்கம் போட்டாள். வந்த பதிலைப் படித்துச் சொன்னாள்.

"உங்க சிரமம் எங்களுக்குப் புரியுதுங்காங்கக்கா."

"என்ன சிரமம்னு நாம இன்னும் சொல்லவே இல்லையே ஏட்டி."

முக்கால் மணி நேரம் எங்கள் பொறுமைக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்கு ஏது பொறுமை? தேரன்னைக்கு அண்ணாச்சி என் கழுத்தைப் பிடிக்கும்போதும் இவன் நன்றி சொல்லுவான்.

ஜூலை 10, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வைகுண்டராஜ் என்று ஒருத்தன் "டேட்டா சென்டர்" என்று போர்டு வைத்திருக்கிறான். உள்ளே ஏசி. சுழல் நாற்காலி. அவனும் அதில் சுழன்றுகொண்டே பேசுகிறான்.

"சர்வரக் காட்டுங்க தம்பி," என்றேன்.

கண்ணாடிக் கதவைத் திறந்து பவ்யமாகக் காட்டினான். பெட்டி. பச்சை லைட்டு. நெற்றியில் சந்தனப் பொட்டு.

எனக்குத் தெரியாதா அந்த முகத்தை? மூன்று வருஷம் பூஜை போட்டவளாச்சே.

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டேன், "பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எத்தன மாசமாச்சு தம்பி?"

சுழல்வது நின்றது.

திரும்பி வருகிறபோது பஸ்ஸிலேயே நூர்னிசா போனில் தோண்டிப் பார்த்துவிட்டாள். அவனும் வானளவிடம் வாங்கித்தான் விற்கிறானாம். விற்கிறவனிடம் வாங்கி விற்க நான் பஸ் ஏறிப் போயிருக்கிறேன். என்னைப் போய் மேடம் என்கிறான்கள்.

ஜூலை 12, சனி

கோயம்புத்தூரில் நொய்யல் ஹோஸ்ட் என்று சின்னக் கம்பெனி. போன் எடுத்தது காளீஸ்வரி என்று ஒரு பெண். எல்லாரிடமும் கேட்டதையே கேட்டேன். போன மாதம் எத்தனை தடவை விழுந்தது? மற்ற எல்லோரும் விழவே இல்லை என்று சொன்னவர்கள்.

"ரெண்டு தடவைங்க. ஒண்ணு கரண்டு. இன்னொண்ணு நான்தான் தப்பா ஒண்ண அழுத்திட்டேன்."

"எத்தன சைட்டு தாங்கும்?"

"முப்பதுங்க. முப்பத்தொண்ணு கொண்டுவந்தா வேண்டாம்னுருவேன்."

இவளைக் கிண்டல் பண்ண ஒன்றும் அகப்படவில்லை. எனக்கே உடம்பு சரியில்லையோ என்று இருந்தது.

ஜூலை 14

நொய்யல்தான். ஆனால் பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் யாராவது குடி மாறுவார்களா? சைட்டு மட்டும் மாறலாமா? நூர்னிசா சிரித்தாள். சிரிக்கட்டும். புதன்கிழமை, ஆனி கடைசி, காலை ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். அந்த நேரத்தில் முதல் சைட்டை ஏற்றிவிட வேண்டும்.

ஜூலை 16, புதன்

நூர்னிசா இரண்டு தாள் வைத்திருந்தாள். ஒன்றில் நம்பர் போட்டு இருபத்திரண்டு பேர் பெயர். இன்னொன்றில் அதே நம்பர்படி, சைட்டில் வருகிறது போய்ச் சேர வேண்டிய அவரவர் போன். முதல் பெயர் பால்சாமி அண்ணன்.

நல்ல நேரத்தில் முதன்முதலாக நாய் சைட்டையா ஏற்றுவது? ஆண்டாள் ஊர்க்காரர் ஒன்பதாவதாக நிற்கிறார். அவள் டீ வாங்கப் போன நேரத்தில் இரண்டு பெயரையும் அடித்து மாற்றி எழுதினேன். அண்ணாச்சி ஒன்று, பால்சாமி ஒன்பது. சொன்னால் தர்க்கம் பண்ணுவாள், சொல்லவில்லை.

ஒன்பதே காலுக்கு ஆரம்பம். சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டும் குடியேறிவிட்டது. எல்லாம் திறந்து பார்த்தோம், பளிச்சென்று இருந்தது. இன்வெர்ட்டருக்குப் பொட்டு வைக்கவில்லை. கை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 19

விழவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

விழவில்லை.

அண்ணாச்சி போன். "ஏம்மா, எவனோ எனக்கு மெசேஜ் போடுதான், குட்டி இருக்கா, வெள்ளையா கெடைக்குமான்னு. நேத்தும் ஒருத்தன். யாரு இவனுக?"

"கிறுக்குப் பயக அண்ணாச்சி. ஒங்க கடைக்கு அம்புட்டுப் பேரு. பிளாக் பண்ணி விடுங்க," என்றேன்.

ஊரில் என்னமாய் இருக்கிறார்கள் ஆட்கள்.

ஜூலை 28, திங்கள். ஆடிப்பூரம்

தேர் நன்றாக ஓடியது. சைட்டு ஒரு நிமிஷம்கூட விழவில்லை. காளீஸ்வரி அவளாகவே இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டாள்.

பத்து மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். சைட்டு விழாமல்தான் இருக்கிறது, ஆனால் ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை என்றார்.

நூர்னிசா இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போன் தாளில் நான் எதையும் மாற்றவில்லை. அதில் ஒன்றாம் நம்பர் இன்னும் பால்சாமி அண்ணன்.

அவருக்குப் போன் போட்டேன். காலையிலிருந்து நாற்பத்தொரு ஆர்டர் வந்ததாகவும், ஆண் குட்டியா பெண் குட்டியா என்று எல்லாரிடமும் ஒருத்தர் விடாமல் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

பதினொன்றரைக்குள் பட்டியல் அண்ணாச்சிக்குப் போய்விட்டது. நாற்பத்தொன்றும் கட்டிக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் கூப்பிட்டு, "சைட்டு விழலைல்ல, அது போதும்," என்றார். எட்டுப் பேரும் இருக்கிறார்கள்.

மூன்று பேர் பால்சாமி அண்ணனுக்கு ஆண் குட்டி என்று பதில் அனுப்பி, முன்பணமும் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் முதலில் கேட்டது அரைக் கிலோ.