இரண்டு மில்லி விநாடி

11 பிப்ரவரி 2003, செவ்வாய்

மதியத்துக்குமேல் எனக்குப் பாடமெடுக்க வகுப்பு இல்லை. கல்லூரி லேபில் உட்கார்ந்து என் கணவர் வளவனின் கணினி நிரலைப் படித்தேன். ஜெர்மனிக்குக் கிளம்புமுன் அதை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லியிருக்கிறார். இந்த நிரலுக்காகத்தான் அங்குள்ள ஓர் ஆய்வகம் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது.

அணு இணைவில் ஓடும் மின்நிலையம் உலகில் இன்னும் எங்கும் இல்லை. எங்களுக்கு அது கணினிக்குள் இருக்கிறது. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு பிளாஸ்மாவாகி, உலையின் சுவரைத் தொடாமல் காந்தத்தில் மிதக்கும். மேலே நழுவினால் காந்தச் சுருள் அதைக் கீழே தள்ள வேண்டும். நழுவியதை அளந்து, சுருளுக்கு மின்சாரம் போய்ச் சேர இரண்டு மில்லி விநாடியாவது ஆகும்.

வளவனின் நிரலில் அந்த இரண்டு மில்லி விநாடி இல்லை. நழுவிய கணத்திலேயே சுருள் தள்ளிவிடுகிறது.

13 பிப்ரவரி

தாமதத்தைச் சேர்த்து ஓட்டினேன். பதினோரு தடவை. பதினோரு தடவையும் பிளாஸ்மா சுவரில் மோதியது.

15 பிப்ரவரி

நான்தான் எங்காவது தப்பு பண்ணியிருக்கிறேனோ? அப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, முடிவுகளை அச்சிட்ட தாளை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“எப்ப கண்டுபுடிச்ச?”

“பத்து நாளு ஆச்சுங்க.”

“பத்து நாளா எதிர்ல உக்காந்து சோறு போட்டுனு இருந்தியா?”

பிழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வெளியே போனார்.

2 மார்ச்

“அங்க போய் சரி பண்ணிக்கிறேன். இத யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க.”

“ஜூலைல நெசமான மெஷின்ல ஓட்டப் போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? சுவரு உருகிப் போச்சுன்னா?”

“நீ வாய மூடிகினு இருந்தா போதும், மணி.”

“நீங்க எழுதலன்னா நான் எழுதுவேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? கல்யாணமாகி ஆறு வருஷம். வேற மாதிரி சொல்லத் தெரியாமப் போச்சே எனக்கு —

14 மார்ச்

ஆய்வகத்துக்கு எழுதிவிட்டார். ஆசிரமத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு என்னையும் கூட்டிப்போனார். நான்கு வரி. என் பெயர் அதில் இல்லை. அது எனக்கு வேண்டவும் இல்லை. தட்டி முடித்து நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

“நீயே அனுப்பு.”

அனுப்பினேன்.

1 ஏப்ரல்

பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். நேர்மைக்கு நன்றி. வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாமாம்.

16 ஏப்ரல்

சித்ரா பௌர்ணமி. ஊர் கொள்ளாத கூட்டம். விடிந்ததும் கிரிவலம் கிளம்பினார். “நானும் வரட்டுமா?” என்றேன். “வேணாம்” என்றார். உச்சி வெயிலில் பாதமெல்லாம் கொப்புளத்தோடு திரும்பினார். மருந்து தடவப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

9 ஜூன்

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்துவிட்டார். பேங்குக்கு நிரல் எழுதுவது. “லேட்டானா எதுவும் உருகாது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

27 ஆகஸ்ட்

மூன்று வாரமாக வரவில்லை. வேலை ஜாஸ்தியாம்.

3 நவம்பர்

பிளாஸ்மா நழுவாமல் நின்றுவிட்டது. தாமதம் நிரலுக்கு உள்ளேயே இருக்கிறது. பிளாஸ்மா அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்துச் சுருளைத் தூண்டுகிறேன். முப்பது தடவை ஓட்டினேன். ஒருமுறைகூடச் சுவரைத் தொடவில்லை.

உடனே அவருக்குப் போன் செய்து, இதைக் கட்டுரையாக எழுதப்போவதைச் சொன்னேன்.

“சந்தோஷம்” என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “கட்டுரைல என் பேரு போடாத.”

“அடிப்படையே உங்களோடதுங்க.”

“போடாத, மணி.”

18 ஜனவரி 2004, ஞாயிறு

பொங்கலுக்கு வராதவர் இன்று வந்தார். மீதித் துணிமணிகளை இரண்டு பையில் அடுக்கினார். இயற்பியல் புத்தகங்களைத் தொடவில்லை. நானும் எடுத்து வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனேன்.

ஜன்னல் வழியாக, “அனுப்பிட்டியா?” என்று கேட்டார்.

“நாளைக்கு அனுப்பறேங்க.”

தலையாட்டினார். பஸ் கிளம்பியது.

வீட்டுக்கு வந்து கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை படித்தேன். முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும். முடிவில் நன்றி சொல்லும் இடத்தில், “முந்தைய நிரலின் பிழையைத் தாமே கண்டறிந்து, தாமே முன்வந்து அறிவித்த திரு. வளவனுக்கு” என்று போட்டிருந்தேன்.

உண்மை அதுவல்ல. திருத்தாமல் உறையில் போட்டு ஒட்டினேன்.